அளாப்பி ஆடிய சிஸ்டர்

நான் கள்ளரைக் காணாதவள் இல்லை. வருடக்கணக்காக மருந்துக்கடையில் நிற்பவளுக்கு அதற்கு என்ன பஞ்சம்? ஆனால் கழுத்தில் சிலுவையும் இடுப்பில் செபமாலையுமாக, பட்டப்பகலில், பத்துப் பேர் பார்த்திருக்கக் களவு செய்துவிட்டு, "நானோ? நான் ஏன் அப்பிடிச் செய்யப்போறன்?" என்று கண்ணை அகல விரித்துக் கேட்ட ஒரேயொரு ஆள் எங்கள் சிஸ்டர்தான்.

களவு என்றால் பணம், நகை இல்லை. விளையாட்டில் களவு. எங்கள் பக்கத்தில் அதை அளாப்புதல் என்போம். சின்னப் பிள்ளைகள்தான் ஒன்றையொன்று "அளாப்பி" என்று ஏசிக்கொண்டு மண்ணை அள்ளி எறியும். அறுபதைத் தாண்டிய ஒரு கன்னியாஸ்திரியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிவரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

திருகோணமலையில் துறைமுகப் பக்கமாக, ஒரு கத்தோலிக்கக் கோயில் வளவுக்குள் இருந்தது அந்த முதியோர் இல்லம். மறதி வருத்தம் வந்தவர்களுக்கென்று பின்பக்கத்தில் ஒரு மண்டபமும் நீளமான விறாந்தையும். பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு அந்த விறாந்தை சிஸ்டரின் இராச்சியம். சுவரில் ஒட்டியிருந்த நேரசூசியில் "பொழுதுபோக்குச் செயற்பாடுகள்" என்று எழுதியிருந்தது. சிஸ்டர் அதை "ஆட்டம்" என்பார். "வாங்கோ, வாங்கோ, ஆட்டம் துவங்கப்போகுது" என்று அவர் கையைத் தட்டினால், தன் பெயரே தெரியாதவர்களும் கதிரையை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

கொழும்பிலிருந்து ஒரு பயிற்சிக்காரப் பெண் வந்து, மறதிக்காரருக்கு எந்தெந்தப் பொழுதுபோக்கு நல்லது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நிறம் நிறமாக மணி கோப்பது, பலூன் தட்டுவது, பழைய பாட்டுக்குக் கைதட்டுவது, படத்துக்கு நிறம் தீட்டுவது. சிஸ்டர் ஒன்றையும் விடாமல் செய்தார். எல்லாவற்றிலும் அளாப்பினார். பலூன் நிலத்தில் விழுந்தால் காலால் எத்திவிட்டு "விழேல்ல, விழேல்ல" என்பார். படம் தீட்டும்போது தன்னுடையது அவலட்சணமாக வந்துவிட்டால், பக்கத்துக் கதிரைக்காரரின் நல்ல படத்தை மெதுவாக இழுத்தெடுத்து அதில் தன் பெயரை எழுதிவிடுவார். மணி கோப்பதில் என்னத்தை அளாப்பலாம் என்று கேட்பீர்கள். மற்றவர்களின் கோப்பையிலிருந்து மணி எடுக்கலாம்.

என் அப்பாவை அங்கே கொண்டுபோய் விட்டபோது அவர் பேச்சை நிறுத்திப் பல மாதமாகிவிட்டது. அப்பா வார நாட்களில் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். சனி, ஞாயிறில் வாயில் விசிலோடு உதைபந்தாட்ட மைதானத்தில் நிற்பார். ரெஃபரி. ஊரே மதித்த, ஊரே திட்டிய ரெஃபரி. அம்மாவின் சொந்தத் தம்பிக்கே சிவப்புக் காட் காட்டி வெளியே அனுப்பியவர். அதற்காக அம்மா ஒரு கிழமை மீன் காய்ச்சவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அப்படிப்பட்டவரிடமிருந்து மறதி முதலில் நாள், கிழமையைக் கொண்டுபோனது. பிறகு அம்மா இறந்துபோனதைக் கொண்டுபோனது. பிறகு என் பெயரை. கடைசியில் சொற்களையும் வாரிக்கொண்டு போய்விட்டது. வேலை முடிந்து தினமும் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து நான் கதைப்பேன். சுவரோடு கதைத்திருந்தால் பல்லியாவது பதில் சொல்லியிருக்கும்.

அப்பா இல்லத்துக்குப் போன முதல் கிழமை. விறாந்தையில் பாம்பும் ஏணியும் ஆட்டம். தச்சு வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு பெரிய பலகையில் வரைவித்து வைத்திருந்தார் சிஸ்டர். சோடா மூடிகளுக்கு நிறம் பூசியவைதான் காய்கள். சிஸ்டர் தாயக்கட்டையை உருட்டினார். விழுந்த எண் அவரை நேரே பலகையிலேயே நீளமான பாம்பின் வாய்க்குக் கொண்டுபோனது. அந்த நேரம் பார்த்துச் சீனன்குடாப் பக்கமிருந்து ஒரு விமானம் கூரைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது.

"அந்தா பாருங்கோ, பிளேன்!" என்று சிஸ்டர் கை நீட்டினார்.

எல்லாரும் அண்ணாந்தோம். நானும்தான். தலையை இறக்கியபோது சிஸ்டரின் மூடி பாம்பைத் தாண்டி, அடுத்த ஏணியிலும் ஏறி, மேலே போய் மரியாதையாக இருந்தது. நான் கவனித்திருக்க மாட்டேன்.

"ஃபவுல்," என்றது ஒரு குரல்.

என் கையிலிருந்த தேத்தண்ணி அரைவாசி மடியில் ஊற்றுப்பட்டது. அப்பா. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஃபவுல்? ஆர் ஃபவுல்?" என்றார் சிஸ்டர்.

"பாம்பு கடிச்சது. கீழ இறங்கு."

"கடிக்கேல்ல."

"கடிச்சது!"

"அந்தப் பாம்புக்குப் பல்லில்லை ஐயா."

"கள்ளி! இறங்கு கீழ!" அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

நான் ஓடிப்போய், "சிஸ்டர், குறை நினையாதேங்கோ, அவருக்கு வருத்தம்..." என்று தொடங்கினேன். சிஸ்டர் என்னை முழங்கையால் ஒதுக்கினார். "நீங்க தள்ளுங்கோ பிள்ளை. இது எங்களுக்குள்ள."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் அழுதேன். சந்தோஷத்தில் பாதி. மற்றப் பாதி எரிச்சல். பெற்ற மகள் மாதக்கணக்காகக் கெஞ்சியும் திறக்காத வாயை, ஒரு சோடா மூடியை நகர்த்தி இந்த மனிசி திறந்துவிட்டதே!

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆட்டம் தொடங்கும்வரை அப்பா கல். சிஸ்டர் அளாப்பினால் ரெஃபரி. ஆட்டம் முடிந்து அரை மணி நேரம்வரைக்கும் அந்தச் சூடு இருக்கும். அந்த அரை மணிக்குள் அவர் என்னோடும் கதைப்பார். "உந்த மனிசியை நம்பாதே" என்பார். "கடல் எப்பிடி?" என்று கேட்பார். ஒருநாள் "சாப்பிட்டியோ?" என்றும் கேட்டார். நான் மருந்துக்கடை முதலாளியிடம் சொல்லி வேலையை முன்னுக்கு முடித்துக்கொண்டு ஓடி வரத் தொடங்கினேன்.

ஆனால் சிஸ்டர் அப்பாவிடம் மட்டும்தான் பிடிபட்டார் என்று நினைக்கக் கூடாது. சித்திரைப் புதுவருடத்துக்கு யானைக்குக் கண் வைக்கும் போட்டி வைத்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு போய், சுவரில் வரைந்த யானைக்குச் சரியான இடத்தில் கண் வைக்க வேண்டும். முதலில் கூப்பிட்டது, கிளிவெட்டி என்ற ஊரிலிருந்து வந்ததால் நாங்கள் கிளிவெட்டி அம்மா என்று சொல்பவரை. வயல் செய்த குடும்பம். தனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது; வயலுக்குள் யானை எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்டால் கை காட்டுவார். சோக்கட்டியைக் கையில் கொடுத்ததும் அவர் அதை எறிந்துவிட்டார்.

"இதுக்குக் கண் வேற வைக்கோணுமோ? கண்ணில்லாமலே என்ர வேளாண்மை முழுக்க மிதிச்சது!"

அவரைச் சமாளித்து இருத்திவிட்டுச் சிஸ்டர் தானே கண்ணைக் கட்டிக்கொண்டு போனார். தடுமாறாமல், தடவாமல், நேரே போய் யானையின் முகத்தில் அச்சொட்டாகக் கண்ணை வைத்தார். கிளிவெட்டி அம்மா எழும்பி நின்றார்.

"சீலைக்குள்ளால பாக்கிறா! எனக்கு அப்பவே தெரியும். யானைக்கு வழி காட்டினவ இவதான்!"

அந்த ஒரு வாரம் முழுக்கக் கிளிவெட்டி அம்மா சிஸ்டரின் கையால் சோறு வாங்கவில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முதல் ஆளாக வந்து இருந்தார், கண்காணிக்க.

இன்னொரு தரம் கரம் போர்ட்டில் சிவப்புக் காய் காணாமல் போனது. அப்பா எல்லாரையும் எழுப்பி நிறுத்தினார். மடி, மடிப்பு, கதிரைக்குக் கீழே எல்லாம் தேடியாயிற்று. சிஸ்டரும் மும்முரமாகத் தேடினார். "காகம் கொண்டுபோயிருக்கும்" என்று அபிப்பிராயமும் சொன்னார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இல்லத்துச் சிற்றாலயத்தில் பூசை. எல்லாரும் முழந்தாளிட்ட நேரம், ஒரு ஈ பறந்தாலும் கேட்கும் அமைதியில், சிஸ்டரின் பையிலிருந்து செபமாலையோடு சிக்கி வந்த சிவப்புக் காய் சீமெந்துத் தரையில் விழுந்து, நடுவழியால் உருண்டு உருண்டு பீடப் படிவரை போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. பங்குச் சுவாமியார் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியதைப் கடைசி வரிசையில் இருந்த நானே கண்டேன்.

"ஒவ்வொரு கிழமையும் பாவசங்கீர்த்தனத்தில இதைச் சொல்லுறனான் பிள்ளை," என்று சிஸ்டர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். "இத்தினை ஆட்டம் வெண்டனான் சுவாமி, எல்லாம் கள்ள வெற்றி எண்டு. இனிச் செய்யமாட்டன் எண்டு சொல்லச் சொல்லுவார். பாப்பம் சுவாமி எண்டுவன். ஒருநாள் அவரோடையே கரம் அடிச்சு, அவரிட்டையே அளாப்பிப் போட்டு, பின்னேரம் அவரிட்டையே போய் மன்னிப்புக் கேட்டனான். பாவம் மனிசன், சிரிக்கவும் ஏலாது, ஏசவும் ஏலாது."

நான் படித்த பெண் அல்லவா, இதற்கெல்லாம் ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒருநாள் அதை அவரிடமே சொன்னேன். "சிஸ்டர், நீங்க வேணுமெண்டுதானே அளாப்புறியள்? இவை பிடிக்கோணும், கோவப்படோணும், மூளை வேலை செய்யோணும் எண்டுதானே?"

சிஸ்டருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "நான் என்ன டொக்டரோ? எனக்குத் தோக்க ஏலாது பிள்ளை, அவ்வளவுதான். நாங்கள் சகோதரங்கள் எட்டுப் பேர். எங்கட வீட்டில அளாப்பாத பிள்ளைக்கு அடிச்சட்டிதான் மிச்சம்."

 ஆனாலும் ஒன்றைக் கண்டிருந்தேன். உள் மண்டபத்தில் படுக்கையோடு கிடந்த ஒரு அம்மாவுக்குக் கைவிரல்கள் மட்டும்தான் அசையும். சிஸ்டர் தினமும் அவருடைய கையில் ஒரு புளியங்கொட்டையைக் கொடுத்து, எந்தக் கைக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு விளையாடுவார். கொட்டை விரலிடுக்கால் நன்றாகத் தெரியும். சிஸ்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்து, ஒவ்வொரு முறையும் மற்றக் கையைத்தான் தொடுவார். அந்த அம்மாவின் முகம் மலரும். நான் வாசலில் நின்று பார்ப்பதைக் கண்டதும் சிஸ்டர் முறைத்தார்.

"என்ன பாக்கிறியள்? எனக்குக் கண் வடிவாத் தெரியாது."

சிஸ்டரை இடம் மாற்றி இப்போது சில வருடமாகிறது. அப்பாவும் போய்விட்டார். சிஸ்டரை நினைக்கும்போதெல்லாம், அவர் அளாப்பாத ஒரேயொரு ஆட்டம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும்.

அதற்குக் காரணம் கனடாவில் இருக்கும் என் தம்பி. அப்பா கதைக்கிறார் என்று நான் எத்தனை தரம் சொல்லியும் அவன் நம்பவில்லை. காட்டுவோம் என்று ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் கைபேசியில் வீடியோவில் அவனைக் கூப்பிட்டுத் திரையை விறாந்தைப் பக்கம் திருப்பினேன். என் கெட்ட காலம், அப்பா அப்போது நரம்பு புடைக்க "கள்ளி, வெளிய போ!" என்று கத்திக்கொண்டிருந்தார். சிஸ்டர் இடுப்பில் கை வைத்து "போகமாட்டன், என்ன செய்வியள்?" என்று திருப்பிக் கத்திக்கொண்டிருந்தார். பின்னால் கிளிவெட்டி அம்மா யானையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி கண்டது, வருத்தக்கார அப்பாவோடு ஒரு கன்னியாஸ்திரி சண்டை பிடிப்பதை. நான் சொன்னது ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை. இல்லத்தின் நிர்வாகக் குழுவுக்கு முறைப்பாடு செய்தான். அவர்களும் பயந்து, ஆட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.

விறாந்தை அமைதியாயிற்று. கதிரைகள் சுவரோரமாக வரிசைக்குப் போயின. வானொலியில் பாட்டுப் போட்டார்கள். அப்பாவின் தலை குனிந்து நாடி நெஞ்சில் சரிந்தது. முதல் நாட்களில் நான் போனதும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதுவும் இல்லை. ஆட்டம் இல்லாமல் போனால் அப்பாவின் குரலை இனி நான் கேட்கப் போவதில்லை என்று எனக்கு வெளிச்சமாகத் தெரிந்துவிட்டது. தம்பியை மனதுக்குள் திட்டாத நாளில்லை.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் அவனே விடுமுறையில் வந்து சேர்ந்தான். அப்பாவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, "அப்பா, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்?" என்று கேட்டான். அப்பா அவனுடைய சேட்டுப் பொத்தானைப் பார்த்தார். மறுநாளும் கேட்டான். அன்றைக்குப் பொத்தானையும் பார்க்கவில்லை. நான் பிடித்த பிடியில் நின்று, "ஒரேயொரு ஆட்டம் பார், பாத்திட்டு முடிவெடு" என்றேன். குழுவின் சார்பில் பங்குச் சுவாமியார் வந்தார். தம்பி அவரிடம் நேரே கேட்டான்.

"சுவாமி, இவ அளாப்புறவ எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

சுவாமியார் தலையை உயர்த்தி மின்விசிறியைப் பார்த்தார். "தம்பி, சில விஷயங்களை எனக்குச் சொல்ல ஏலாது."

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே விடக் கூடாத ஒருவரால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தம்பி சிஸ்டர் பக்கம் திரும்பினான். "சிஸ்டர், இண்டைக்கு ஒழுங்கா விளையாடுவியளோ? ஒரு அளாப்பலும் இல்லாம?"

சிஸ்டர் சிலுவையைத் தொட்டார். "சத்தியமா."

அவர் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார். அதுதான் கொடுமை. பலகையைச் சுற்றி அப்பா, சிஸ்டர், கிளிவெட்டி அம்மா, சுவாமியார், தம்பி. சிஸ்டர் விழுந்த எண்ணுக்குச் சரியாகக் காய் நகர்த்தினார். பாம்பு கடித்த இடத்தில் ஒரு சொல் பேசாமல் வால்வரைக்கும் இறங்கினார். மறுபடி ஏறினார். மறுபடி கடி. மறுபடி இறக்கம். விமானம் ஒன்று போனது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. கிளிவெட்டி அம்மா சிஸ்டரின் கையைக் கொஞ்ச நேரம் கண்காணித்துவிட்டு, பிடிக்க ஒன்றும் அகப்படாததால் நித்திரையாகிவிட்டார். அப்பாவின் முறை வந்தபோது நான்தான் அவருடைய கையைப் பிடித்துத் தாயக்கட்டையை உருட்டினேன். கை பாரமாகக் கிடந்தது.

"பாத்தியா அக்கா, எவ்வளவு அமைதி," என்றான் தம்பி.

 சிஸ்டரைப் பார்த்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டிருந்தார்.

சுவாமியாரின் முறை. உருட்டினார். நேரே நீளப் பாம்பின் வாய். அவர் மூடியின் மேல் விரலை வைத்தார். அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, ஒரு பச்சைக் குழந்தைக்கும் தெரியக்கூடிய விதமாக, அந்த மூடியை அரக்கி, அரக்கி, பாம்பின் தலையைத் தாண்டி அடுத்த கட்டத்தில் விட்டார். விட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார். அந்த மனிதரின் காது சிவந்துபோயிருந்தது.



அப்பாவின் நாடி நெஞ்சை விட்டு எழும்பியது.

"ஃபவுல்."

"என்ன ஐயா?" என்றார் சுவாமியார். 

"ஃபவுல்! பாம்பு கடிச்சது. சுவாமியார் எண்டாச் சட்டமில்லையோ?"

"நான் ஒண்டும் செய்யேல்ல ஐயா..."

"பொய் வேற!" அப்பா எழும்பிவிட்டார். கையைப் படலைப் பக்கம் நீட்டினார். "வெளியால போங்கோ சுவாமி. கிரவுண்டை விட்டு வெளியால!"

அங்கி தடுக்கத் தடுக்கச் சுவாமியார் விறாந்தைப் படியால் இறங்கிப்போய் வெயிலில் நின்றார். அப்பா திரும்பினார். தம்பியை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தார்.

"லைன்ஸ்மன், நீ கண்டனிதானே?"

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"ஓம் ரெஃபரி. கண்டனான்."

"பிறகேன் கொடி தூக்கேல்ல?"

தம்பி பையைத் தடவிக் கைக்குட்டையை எடுத்தான். தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தான். அப்பா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்துத் தம்பி அதே கைக்குட்டையை இறக்கி முகத்தைத் துடைக்கப் போனான்.

"கொடியை இறக்காத. ஆட்டம் முடியேல்ல," என்று அதட்டினார் அப்பா.

கை உயர்ந்தபடி, கன்னம் நனைந்தபடி, கனடாவிலிருந்து வந்த தம்பி நின்றான். சிஸ்டர் அவன் பக்கமாகச் சாய்ந்தார். கைகள் இன்னும் தொடைக்குக் கீழேதான் இருந்தன.

"தம்பி, என்ர சத்தியம்..." என்று மெல்லிய குரலில் தொடங்கினார்.

"போதும் சிஸ்டர்," என்றான் தம்பி. "இனி அளாப்புங்கோ."